ஒரே ஆவணத்தில் ஐந்து பேர்: விசேட கல்வி மாணவர்களும் இணையவழிக் கூட்டெழுத்தும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் விசேட கல்வி அலகுகளில் கற்பிக்கும் ஆசிரியர்களும், விசேட தேவையுடைய பிள்ளைகளைச் சாதாரண வகுப்பிலேயே வைத்துக் கற்பிப்போரும், பெற்றோரும் கேட்டுவரும் கேள்விகளுக்கு, வன்னிப் பாடசாலை ஒன்றில் விசேட கல்வி கற்பிக்கும் ஒருவர் என்ற வகையில் இங்கே விடை தருகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஒரே வேலையிலிருந்து வருபவை. தரம் 9 மாணவர் ஐவர் ‘எங்கள் குளம்’ என்ற தலைப்பில், இணையத்தில் பலர் ஒன்றாக எழுதக்கூடிய கூகிள் டொக்ஸில் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐவரில் ஒருத்திக்குப் பார்வை மிகக் குறைவு. ஒருவனுக்கு வாசிப்பிலும் எழுத்திலும் இடர்பாடு. இன்னொருத்திக்குக் காது சரியாகக் கேட்காது. மற்ற இருவருக்கும் அப்படியான சிரமம் எதுவும் இல்லை.

கூட்டெழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே ஆவணத்தைப் பலர் தத்தம் கருவியில் திறந்து, ஒரே நேரத்திலோ வெவ்வேறு நேரத்திலோ எழுதித் திருத்துவதைச் சொல்கிறேன். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்ற நால்வரும் பார்த்து எழுதிக் கையொப்பமிடுவது குழுவேலையாகப் பல வகுப்புகளில் நடக்கிறது; அது இதில் சேராது.

தனியாக ஒரு பந்தி எழுதவே திணறும் பிள்ளையை ஏன் குழுவுக்குள் விட வேண்டும்?

எழுதுவது என்ற ஒரு சொல்லுக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. சொல்ல வேண்டியதைக் கண்டுபிடிப்பது, அதை ஒழுங்குபடுத்துவது, வசனமாக்குவது, எழுத்துக்கூட்டுவது, கையால் வரைவது, திரும்ப வாசித்துத் திருத்துவது ஆகிய அனைத்தையும் ஒரு பிள்ளை தனியே செய்யும்போது, மிகப் பலவீனமான வேலைதான் மற்ற எல்லாவற்றையும் இழுத்து நிறுத்துகிறது. குழுவில் இவை பிரிகின்றன. எழுத்து இடர்பாடு உள்ள நம்முடைய மாணவன் ஒரு பக்கத்தைப் பிழையின்றி எழுதியதே இல்லை. ஆனால் எந்தத் துருசு எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது, எந்த மாதத்தில் குளம் வான் பாயும், அலைகரையில் கல் சரிந்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அந்த ஐவரில் அவனுக்குத்தான் தெரியும். கையெழுத்துக் கொப்பி அந்த அறிவை ஒருநாளும் வெளியே காட்டியதில்லை.

உதவித் தொழினுட்பம் என்றால் பெருஞ்செலவு பிடிக்கும் கருவிகளா?

பிரெய்ல் காட்சிப்பலகை போன்றவை உண்மையிலேயே விலை கூடியவை. ஆனால் இந்த வேலைக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி, வீட்டில் இருக்கும் சாதாரண அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியின் அமைப்புகளுக்குள்ளேயே, அணுகல்தன்மை என்ற பகுதியில் கிடக்கிறது: திரையில் உள்ளதை உரத்துச் சொல்லும் டோக்பேக், உருப்பெருக்கி, நிற மாறுபாடு, தமிழில் வாசிக்கும் குரல், பேச்சை எழுத்தாக்கும் விசைப்பலகை. கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே ஆகிய இருவர் அதை வளர்த்தெடுத்தனர். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரலையும் அதனோடு பயன்படுத்தலாம். நான் கொள்வனவுப் பட்டியல் எழுதச் சொன்னால் முதல் வரியில் இயர்போன்தான் இருக்கும். மூன்று தொலைபேசிகள் ஒரே அறையில் உரத்து வாசிக்கத் தொடங்கினால் எவருக்கும் எதுவும் விளங்காது.

குரல் தட்டச்சு எங்கள் பிள்ளைகளின் பேச்சை விளங்கிக்கொள்ளுமா?

ஓரளவுக்கு. கூகிளின் குரல் தட்டச்சில் 2017 ஓகஸ்டில் தமிழ் சேர்க்கப்பட்டது. மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழ் தனியாகவே இருக்கிறது, அதைத் தெரிவுசெய்ய மறக்க வேண்டாம். கணினியில் குரோம் உலாவியில் டொக்ஸைத் திறந்து, கருவிகள் என்ற பட்டியலில் குரல் தட்டச்சைத் தொடங்கலாம். தொலைபேசியில் விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டால் போதும்.

சிக்கல் பேச்சுமொழியில் வருகிறது. நம்முடைய மாணவன் முதல்நாள் சொன்ன வசனம்: “குளம் வான் பாயேக்க நாங்கள் மீன் பிடிக்கப் போனனாங்கள்.” திரையில் வந்தது: “குளம் வான் பாய் ஏக்க நாங்கள் மீன் பிடிக்க போன நாங்கள்.” வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எவரும் அன்றாடம் சொல்லும் ‘போனனாங்கள்’ இயந்திரத்துக்குச் சொல்லாகவே தெரியவில்லை. அவன் முகம் வாடிவிட்டது. தான் பிழையாகக் கதைத்துவிட்டதாக நினைத்தான். அந்த இடத்தில் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதில்தான் காரியம் தங்கியிருக்கிறது. பேச்சைத் திருத்துவதற்குப் பதிலாக, “இதைப் புத்தகத்தில் எப்படி எழுதியிருப்பார்கள்?” என்று கேட்டேன். “வான் பாயும்போது நாங்கள் மீன் பிடிக்கப் போனோம்” என்று அவனே சொன்னான், தொலைபேசியும் அதை அப்படியே எழுதிக் கொடுத்தது. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கும் பயிற்சியை மொழிப்பாடத்தில் எவ்வளவோ முறை செய்து சலித்திருக்கிறோம். இங்கே அது அவனுக்கு உடனடியாகப் பயன்பட்டது.

ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டியதில்லை. அம்மம்மா சொன்னதை மேற்கோளாகப் போட்டால் அது அவர் கதைத்தபடியே இருக்கட்டும். அதை மட்டும் குழுவில் தட்டச்சத் தெரிந்தவர் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதலாம்.

இன்னொரு சிறு தொல்லை நிறுத்தக்குறி. டொக்ஸின் தமிழ்க் குரல் தட்டச்சில் நிறுத்தக்குறிக்கான கட்டளை இல்லை. “முற்றுப்புள்ளி” என்று சொன்னால் அந்தச் சொல்லையே எழுதிவைக்கும். நாங்கள் அதையே வசதியாக்கிக்கொண்டோம். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் மாணவன் “முற்றுப்புள்ளி” என்று சொல்வான். எல்லாம் முடிந்த பிறகு, கண்டுபிடித்து மாற்றும் வசதியால் அந்தச் சொல் இருக்கும் இடமெல்லாம் ஒரே தடவையில் புள்ளியாக மாற்றப்படும். வசனம் எங்கே முடிகிறது என்பதை அவன் காதால் அறிந்துகொண்டதும் இப்படித்தான்.

ல, ள, ழ வேறுபாட்டை இயந்திரமே போட்டுவிட்டால் பிள்ளை எப்போது கற்கும்?

நியாயமான கவலைதான். ஆனால் எழுத்துக்கூட்டலைக் கற்பிக்கும் பாடவேளையும் கட்டுரையை உருவாக்கும் பாடவேளையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாக்கியதால்தான் இப்பிள்ளைகள் தமக்குத் தெரிந்த, சிறிய, பத்திரமான சொற்களை மட்டும் எழுதிப் பழகிவிடுகிறார்கள். ‘அணைக்கட்டு’ என்று எழுதப் பயந்து ‘மண்மேடு’ என்று எழுதிய பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். இயந்திரமும் எப்போதும் சரியாகப் போடுவதில்லை. திரும்ப வாசிக்கும் குரலில் ர, ற வேறுபாடு காதில் பிடிபடாது. ஆகவே ஐயமான சொல்லை எழுத்தெழுத்தாக வாசிக்கும்படி திரைவாசிப்பானை வைக்கப் பழக்குங்கள்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ஆங்கில எழுத்துகளால் தட்டி அதைத் தமிழாக்கும் விசைப்பலகை பெரியவர்களுக்கு இலகுவானது. வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைக்கோ அது இரட்டைச் சுமை. ஒரு தமிழ்ச் சொல்லை எழுத முதலில் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் தமிழ் எழுத்துகளே தெரியும் விசைப்பலகையும் சொல் முன்மொழிவும் நல்லது.

பாடசாலையில் உள்ள தமிழ்க் கோப்புகளைத் திரைவாசிப்பான் ஏன் உளறுகிறது?

அவை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவையாக இருக்கும். பாமினி கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ‘அம்மா’ என்று நாம் பார்க்கும் சொல், திரைவாசிப்பானின் கணக்கில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ ஆகும். பார்வை குறைந்த பிள்ளையின் காதில் அதுதான் விழும். குழுவில் ஒருவர் பழைய கோப்பிலிருந்து ஒரு பந்தியை வெட்டி ஒட்டினாலும் போதும், ஆவணத்தின் நடுவில் அவளுக்கு ஒரு பள்ளம் விழுந்துவிடும். மற்றவர்கள் எழுத்துருவை மாற்றினால் அவர்களுக்கும் அது வெறும் ஆங்கிலக் குப்பையாகவே தெரியும்.

தீர்வு எளிது. பாமினியை, எந்தக் கருவியும் தமிழாகவே அறியும் யுனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. பந்தியை மாற்றியபின் ஒட்டுங்கள்; மாற்றியதை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். பாமினி விசைகளிலேயே கை பழகிவிட்ட தட்டச்சாளர்கள் அதே விசையமைப்பில் யுனிகோடாகத் தட்டவும் மென்பொருள்கள் இருப்பதால், அவர்கள் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. உதவித் தொழினுட்பத்துக்காக வன்னிப் பாடசாலைகள் செய்யக்கூடிய, ஒரு சதமும் செலவில்லாத மிகப் பெரிய காரியம் எதுவென்று கேட்டால், வினாத்தாளும் குறிப்பும் சுற்றறிக்கையும் யுனிகோடில் தட்டப்படுவதுதான் என்பேன்.

பார்வை குறைந்த பிள்ளை, நால்வர் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தில் எப்படி வேலைசெய்வாள்?

உண்மையைச் சொன்னால், முதல்நாள் அவளால் முடியவில்லை. பார்ப்பவருக்கு நான்கு நிறங்களில் நான்கு சுட்டிகள் ஓடுவது விளையாட்டுப்போல இருக்கும். காதால் வாசிப்பவருக்கோ, ஒரு வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது மாறிவிடுகிறது. யார் எங்கே மாற்றினார் என்பதும் தெரியாது. “ரீச்சர், என்ர வசனத்தைக் காணேல்லை” என்றாள். குழுவில் இன்னொருவன் அதை நல்லெண்ணத்தோடு இரண்டு பந்தி கீழே நகர்த்தியிருந்தான்.

டொக்ஸில் திரைவாசிப்பான் ஆதரவை முதலில் இயக்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், இஸட் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அது இயங்கும். அதற்குமேல் உதவியது குழு தனக்கு விதித்துக்கொண்ட ஒழுங்குதான். ஒவ்வொருவரின் பகுதிக்கும் தலைப்புப் பாணியில் ஒரு தலைப்பு வைக்கப்பட்டது. எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கினால் அது திரைவாசிப்பானுக்குத் தலைப்பு ஆகாது, பாணிப் பட்டியலில் தெரிவுசெய்தால்தான் அவள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். ஒருவர் பகுதியில் மற்றவர் நேரடியாகக் கைவைக்காமல் கருத்துரையோ பரிந்துரையோ மட்டும் இடுவது என்று தீர்மானித்தார்கள். எதையாவது நகர்த்துமுன் அதைச் சொல்லிவிட்டு நகர்த்த வேண்டும். அவள் திருத்தும் பத்து நிமிடத்துக்கு மற்றவர்கள் கையை எடுத்துவிட வேண்டும். கருத்துரையில் “இது சரியில்லை” என்று மட்டும் எழுதாமல், எந்தச் சொல் என்பதையும் எழுத வேண்டும். நிறம் தீட்டிக் காட்டுவது அறவே கூடாது. “மஞ்சளில் உள்ளதைப் பார்” என்பது அவளுக்கு வெறும் சத்தம். ஒட்டும் படத்துக்கு ஒரு வரி விவரணை போட வேண்டும்: “வான்கதவுகள் திறந்திருக்கின்றன, தண்ணீர் நுரைத்து விழுகிறது” என்று ஒரு பிள்ளை எழுதிய வரி பின்னர் கட்டுரைக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது.

சிறிதளவு பார்வை உள்ளவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குவதில் தமிழுக்கென்று ஒரு காரணம் உண்டு. ‘ம’வுக்கும் ‘ம்’முக்கும் இடையே இருப்பது ஒரு புள்ளி, ‘ர’வையும் கால் எழுத்தையும், ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் சிறிய அளவில் பிரித்தறிய முடியாது. 18 புள்ளி அளவும் அகலமான வரி இடைவெளியும் வைத்துத் தொடங்கி, பிள்ளையிடமே கேட்டு மாற்றுங்கள்.

காது கேட்காத பிள்ளைக்கு எழுத்துதானே இலகு, உதவி எதற்கு?

எழுத்து அவளுக்குக் கண்ணால் கிடைக்கிறது என்பது சரி. ஆனால் குழுவேலையின் பாதி, வாய்ப்பேச்சில் முடிவாகிவிடுகிறது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் தலைப்பையே மாற்றிவிடுகிறார்கள். 2019இல் வெளியான, ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ என்ற கூகிளின் உடனடி எழுத்தாக்கச் செயலி தமிழிலும் இயங்குகிறது. மேசை நடுவில் ஒரு தொலைபேசியை வைத்தால் பேச்சு எழுத்தாக ஓடும். பலர் ஒன்றாகக் கதைத்தால் அதுவும் குழம்பும். ஆகவே முடிவுகள் அனைத்தும் ஆவணத்தின் அரட்டையிலோ கருத்துரையிலோ எழுதப்பட வேண்டும் என்பதே எங்கள் விதி. சைகைமொழியில் வளர்ந்த பிள்ளையின் வசனத்தில் வேற்றுமை உருபு விடுபடுவதும் சொற்கள் முன்பின்னாக வருவதும் இயல்பு; சைகைமொழிக்கு அதற்கே உரிய இலக்கணம் உண்டு. அதை அறிவுக்குறைவாக எண்ணித் திருத்தும் சக மாணவர்களிடம் இதை முன்கூட்டியே விளக்குங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையும் குழுவில் எழுத முடியுமா?

முடியும், ஆனால் ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் எழுதவைக்காதீர்கள். தன் வசனம் கண்ணெதிரே தானாக மாறுவது சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத பதற்றம். பரிந்துரை முறையில் அவர்களின் மூல வரி அழியாமல் நிற்கும். ஏற்பதா விடுவதா என்பது அவர்கள் கையில் இருக்கும். முறை வைத்து, யார் எந்த நாளில் எழுதுவார் என்ற அட்டவணையை ஆவணத்தின் மேலேயே போட்டால் இன்னும் நிம்மதி.

கையசைவில் சிரமம் இருந்தால்?

குரல் தட்டச்சும் சொல் முன்மொழிவும் பெரும்பாலும் போதும். ஒரு கையால் தட்டுபவர்களுக்கு, சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த விடும் ஒட்டுவிசைகள் விண்டோஸில் உண்டு. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால், அதை இயக்கவா என்று கேட்கும். யுத்தத்தில் கையை இழந்த ஒரு தந்தை பிள்ளைகளின் வேலையைப் பார்க்க வந்து, இதைத் தானே பழகிக்கொண்டு போனார்.

சிக்னலும் மின்சாரமும் இல்லாத நாட்களில் என்ன செய்வது?

ஏ9 வீதியை விட்டு உள்ளே போகப்போக இந்தக் கேள்வி பெரிதாகும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. டொக்ஸில் ஆவணத்தை இணைப்பின்றியும் பயன்படுத்தும்படி முன்கூட்டியே அமைத்துவைக்கலாம்; எழுதியது பின்னர் இணைப்பு வந்ததும் சேர்ந்துகொள்ளும். தமிழ் வாசிப்புக் குரலைப் பாடசாலையில் இணைப்பு இருக்கும்போது தரவிறக்கி வைத்தால் வீட்டில் இணையமின்றியே வாசிக்கும். எழுத்தும் கருத்துரையும் மிகக் குறைந்த டேட்டாவையே எடுக்கும், படங்கள்தான் விழுங்குபவை. எதுவும் சரிவராத வீட்டில், பிள்ளை வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பலாம், குழுவில் ஒருவர் அதைச் சொல்லுக்குச் சொல் தட்டலாம். பின்தங்கிய வழிதான்; ஆனால் வேலைசெய்யும் வழி.

பிள்ளையே எழுதியதா, பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொடுத்ததா என்று எப்படி அறிவது? புள்ளி எப்படிப் போடுவது?

பதிப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள். யார், எப்போது, எந்த வரியைச் சேர்த்தார், அழித்தார் என்பது அங்கே இருக்கும். ‘எங்கள் குளம்’ கட்டுரையில் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவதைப் பற்றிய பந்தி மிக அழகாக இருந்தது. வரலாற்றைப் பார்த்தால் அது ஒரே நொடியில் முழுதாக வந்து விழுந்திருந்தது. எங்கிருந்தோ ஒட்டியிருந்தார்கள். அதே வரலாற்றில், நம்முடைய மாணவன் ‘துருசு’ பற்றிய நாலு வரியைப் பதினொரு தடவை மாற்றியிருந்ததும் தெரிந்தது. இறுதிப் பிரதியில் மட்டும் புள்ளி போட்டிருந்தால் ஒட்டிய பந்திதான் வென்றிருக்கும்.

நான் புள்ளியைக் கருத்து, ஒழுங்கு, பிறருடைய வரிக்குத் தந்த பயனுள்ள கருத்துரை ஆகியவற்றுக்குப் பிரித்துப் போடுகிறேன். கருவி செய்த எழுத்துக்கூட்டலுக்குப் புள்ளி கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

பெற்றோரிடமும் உதவி ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை தயங்கும்போது வசனத்தை முடித்துக்கொடுக்காதீர்கள். நல்ல வசனம் பிள்ளையுடையதாக இல்லாவிட்டால், திரைவாசிப்பானும் ஒலிவாங்கியும் இருந்து பயனில்லை.

கணக்கு, கடவுச்சொல், பாதுகாப்பு?

கூகிளில் பொதுவாக 13 வயது நிறைந்தவர்களே தாமாகக் கணக்குத் தொடங்கலாம். அதற்குக் குறைந்தோருக்குப் பெற்றோரின் மேற்பார்வையில் அமைக்க வேண்டும். இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம் என்று விட்டால், கணக்கின்றி நுழைபவர்களுக்கு டொக்ஸ் அநாமதேய விலங்குப் பெயர் சூட்டிவிடும். பிள்ளைகள் அதைக் கண்டு சிரிப்பார்கள். வரலாற்றில் யார் எவர் என்பது பிறகு உங்களுக்குத் தெரியாமற் போகும். பிள்ளையின் குறைபாட்டைப் பற்றிய குறிப்பை அந்த ஆவணத்தில் எங்கும் எழுத வேண்டாம்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையைக் கையால்தானே எழுத வேண்டும்?

விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், எழுத்து உதவியாளர் போன்ற ஏற்பாடுகள் உண்டு. மருத்துவச் சான்றுகளோடு காலம் தாழ்த்தாமல் அதிபர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். எழுத்து உதவியாளர் கிடைத்தும் தடுமாறும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வசனத்தை மனத்தில் முழுமையாக்கி, வாயால் நிறுத்தி நிதானமாகச் சொல்ல அவர்களுக்குப் பழக்கமில்லை. குரல் தட்டச்சில் இரண்டு வருடம் எழுதிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வந்திருக்கும். உரிமை பற்றிப் பேச வேண்டியிருந்தால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் சமவாயமும் உங்கள் பக்கம் இருக்கின்றன.

நாளைக்கே தொடங்குவதென்றால் எங்கே தொடங்குவது?

ஒரு பாடவேளை, மூன்று பிள்ளைகள், இரண்டு தொலைபேசிகள் போதும். தலைப்பு அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும்: வீட்டு மாடு, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன பயணம், நெல் அறுப்பு. ஒவ்வொருவரும் தத்தம் தலைப்பின் கீழ் இரண்டு வசனம் மட்டும் எழுதட்டும், குரலாலோ விரலாலோ. பிறகு தொலைபேசியை வாசிக்கவிட்டு மூவரும் கேட்கட்டும். ஒவ்வொருவரும் மற்றவரிடம் ஒரு கேள்வியைக் கருத்துரையாக இட்டால் அன்றைய வேலை முடிந்தது. அடுத்த பாடவேளையில் அந்தக் கேள்விக்கான விடையை எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். அதற்கிடையில் எவரிடமாவது ஒரு இயர்போன் வாங்கி வைத்துவிடுங்கள்.